செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு: உள்ளூர்ச் சேவைகள் சேர்ந்து வேலை செய்வது ஏன் இவ்வளவு கடினம்?

2008-ல் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கம்பிரியாவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்த மாவட்டத்துக்குள் ஓர் ஆண்டில் அரசுப் பணம் மொத்தம் எவ்வளவு செலவாகிறது? கவுன்சில், மருத்துவமனை, காவல்துறை, பள்ளிக்கூடம், ஓய்வூதியம், வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை, சாலை என எல்லாவற்றையும் சேர்த்து. கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் யார் கையிலும் தயாராக இல்லை. ஒவ்வொரு துறையும் தன் கணக்கை லண்டனில் இருக்கும் தன் தலைமைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, ஓர் ஊரை வைத்து அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் வந்ததில்லை. கூட்டியபோது வந்த தொகை 710 கோடி பவுண்டு. அங்கே வசிப்பவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். அந்தப் பணத்தில் உள்ளூர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சில்களின் கையில் இருந்தது சிறு பகுதிதான், மீதியெல்லாம் வேறு வேறு குழாய்கள் வழியாக வந்து, வேறு வேறு அலுவலகங்களில் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

இதன் தொடர்ச்சியாகத்தான் 2009 பட்ஜெட்டில் பிரிட்டிஷ் அரசு ‘டோட்டல் பிளேஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தது. அரசுச் செலவைச் சுருக்கும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சர் மைக்கேல் பிச்சார்ட் இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். பர்மிங்காம், கென்ட், டர்ஹம், லெவிஷம், குரோய்டன் என்று 13 இடங்களில் கவுன்சில்களும் மருத்துவ நிர்வாகமும் காவல்துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே மனிதர்களுக்காகத் தங்களில் யார் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிராட்ஃபோர்டு எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அமைப்பின் பொறுப்பிலிருந்து வெளியே வருபவர்களை மட்டும் அவர்கள் கவனித்தார்கள்: அரசுக் காப்பகத்திலிருந்து வெளியேறும் இளைஞர்கள், சிறையிலிருந்து விடுதலையாகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே சிக்கல்தான். உள்ளே இருக்கும்வரை ஒரு துறை பொறுப்பு, வாசலைத் தாண்டிய கணத்தில் யாருமே பொறுப்பில்லை. அந்த இடைவெளியில் விழுகிறவர் கொஞ்ச நாளில் அதே வாசலுக்குத் திரும்பி வருகிறார், அவருக்கான செலவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

2010 மார்ச்சில் டோட்டல் பிளேஸ் அறிக்கை வந்தது, மே மாதம் ஆட்சி மாறியது, அந்தப் பெயரும் அதோடு போய்விட்டது. ஆனால் யோசனை போகவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வேறு வேறு பெயர்களில் அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ‘சேவை மேம்படும், செலவும் குறையும்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் அறிமுகம் செய்தார்கள். முதல் பாதி பல இடங்களில் நடந்திருக்கிறது. இரண்டாவது பாதிதான் மாட்டிக்கொள்கிறது, அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த திட்டத்தை அறிவிப்பதால் நல்ல வேலைகூடத் தோல்வி என்ற பெயர் வாங்கிக்கொள்கிறது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்கிறார். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்துவிட்டது, டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். ஆனால் போக முடியாது. காலையில் குளிப்பாட்டி உடை மாற்றிவிட ஓர் ஆள் வர வேண்டும், கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும், நடக்கப் பழக்க பிசியோதெரபிஸ்ட் வேண்டும். இங்கிலாந்தில் படுக்கையும் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் அரசின் தேசிய மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் கணக்கு. குளிப்பாட்ட வரும் ஆள் கவுன்சிலின் சமூகப் பராமரிப்புக் கணக்கு. கம்பியும் பெரும்பாலும் கவுன்சில் கணக்குதான், ஆனால் அது வீட்டு வசதிப் பிரிவா, பராமரிப்புப் பிரிவா என்பது ஊருக்கு ஊர் மாறும். கம்பியின் விலை சொற்பம். அது வந்து சேரும்வரை அவர் படுத்திருக்கும் படுக்கைக்குத் தினமும் ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு. ஆனாலும் கம்பியைச் சீக்கிரம் பொருத்தினால் கவுன்சிலுக்கு ஒரு பைசா மிச்சமில்லை, மிச்சம் மருத்துவமனைக்கு. கவுன்சில் அதிகாரி கெட்டவர் என்பதால் இது தாமதமாகவில்லை, அவர் மேஜையில் இதைவிட அவசரமான, தன் பட்ஜெட்டையே நேரடியாகப் பாதிக்கிற நாற்பது கோப்புகள் இருக்கின்றன.

இதற்கு மேல் இன்னொரு முடிச்சும் உண்டு. என்எச்எஸ் சிகிச்சை இலவசம், சமூகப் பராமரிப்பு அப்படியல்ல. இங்கிலாந்தில் ஒருவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் பராமரிப்புச் செலவை அவரே முழுதாகக் கட்ட வேண்டும். இந்த வரம்பு 2010-லிருந்து மாறவே இல்லை, விலைவாசி எவ்வளவோ ஏறியும் அதே எண்தான். ஆகவே ‘இவருக்குத் தேவைப்படுவது மருத்துவமா, பராமரிப்பா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரையலாம். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் இப்படிப்பட்ட ஒரு கோடு ஓடும்போது, நாங்கள் கைகோத்துவிட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதால் மட்டும் அது அழிந்துவிடாது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு நாளைக்குச் சுமார் 14,000 படுக்கைகளில், வீட்டுக்குப் போகத் தகுதியானவர்கள் போக வழியில்லாமல் படுத்திருந்தார்கள்.

இதே கதை எல்லாத் துறைகளிலும் இருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புகை அலாரம் மாட்டும்போது தரைவிரிப்பு மடங்கியிருக்கிறதா, வீட்டில் குளிர் இருக்கிறதா, ஆள் தனியாக வாடுகிறாரா என்றும் பார்த்துச் சொல்கிறார்கள். நல்ல வேலை, மக்கள் அவர்களை நம்பிக் கதவைத் திறக்கிறார்கள். ஆனால் அதனால் ஒருவர் விழாமல் இருந்தால் மிச்சம் மருத்துவமனைக்கு, தீயணைப்புத் துறைக்கு அல்ல. மனநலச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் நள்ளிரவில் தெருவில் நின்றால் போலீஸ் வண்டிதான் வருகிறது. வாடகைப் பிரச்சினையை முன்கூட்டியே தீர்த்துவைத்தால் பள்ளிக்கூடத்துக்கு நல்லது, குழந்தை ஊர் மாறாமல் படிக்கும். ஸ்காட்லாந்தில் கேம்பல் கிறிஸ்டி தலைமையிலான ஆணையம் 2011-ல் சொன்னது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது: பொதுச் சேவைச் செலவில் 40 சதவீதம்வரை, முன்னதாகவே கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிரச்சினைகளுக்குத்தான் போகிறது.

சரி, எங்கே இது வேலை செய்தது? டார்பே பற்றி முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில், முதியவர்கள் அதிகமாக வசிக்கும் பகுதி. 2004-ல் பிரிக்ஸம் என்ற சிற்றூரில் சின்னதாக ஆரம்பித்தார்கள். ‘மிஸஸ் ஸ்மித்’ என்று எண்பதுகளில் இருக்கும் ஒரு மூதாட்டியைக் கற்பனையாக உருவாக்கிக்கொண்டு, அவருக்கு உடம்பு முடியாமல் போனால் எத்தனை பேருக்குப் போன் செய்ய வேண்டும், ஒரே கதையை எத்தனை தடவை சொல்ல வேண்டும், எங்கெல்லாம் காத்திருக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் நர்சுகளும் சமூகப் பணியாளர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் உட்கார்ந்து வரைந்து பார்த்தார்கள். வரைந்த படம் அவர்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அப்புறம் அதை மாற்றினார்கள். நகரை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளைச் சுற்றி ஒரு குழு. எல்லாரும் ஒரே அலுவலகம், ஒரே மேலாளர், ஒரே தொலைபேசி எண். அந்த எண்ணை எடுக்கிறவர் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவர் நர்சாகவோ சமூகப் பணியாளராகவோ இருக்க வேண்டியதில்லை. யாரை எப்போது அனுப்புவது என்று தெரிந்து, அனுப்பியவர் போனாரா என்று விசாரித்துக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. பட்ஜெட்டும் ஒன்றாக்கப்பட்டது, 2005 இறுதியில் உடல்நலமும் சமூகப் பராமரிப்பும் ஒரே பொது நிர்வாக அமைப்பின் கீழ் வந்தன.

டார்பேயில் 1998-99-ல் நாளொன்றுக்குச் சராசரியாக 750 மருத்துவமனைப் படுக்கைகள் நிறைந்திருந்தன, 2009-10-ல் அது 502. பத்து வருடக் கணக்கு இது, பிரிக்ஸமுக்கு முந்தைய ஆண்டுகளும் இதில் அடக்கம், மருத்துவம் மாறியதும் ஒரு காரணம். ஆனாலும் முதியவர்கள் நிறைந்த ஓர் இடத்தில் இப்படி நடந்தது சாதாரண விஷயமில்லை. பெரிய சட்டம், பெரிய மறுசீரமைப்பு என்று எதற்கும் காத்திருக்காமல், வேலை செய்கிறவர்களின் மேஜைகளை முதலில் நகர்த்தினார்கள். ஒப்பந்தங்கள் அதற்குப் பின்னால் வந்தன. இந்த வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது உதாரணம் வேல்ஸில், கார்டிஃப் நகரில். ஜொனாதன் ஷெப்பர்ட் தாடை, முக அறுவை சிகிச்சை நிபுணர். வெள்ளி, சனி இரவுகளில் பாட்டில் குத்தும் கண்ணாடிக் காயமுமாக வருபவர்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போனவர், இவர்களில் பெரும்பாலானவர்களைப் பற்றிப் போலீசுக்குத் தெரியவே தெரியாது என்பதைக் கவனித்தார். அடிபட்டவர் பயத்தில் புகார் கொடுப்பதில்லை, அல்லது குடித்திருந்ததால் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார். எனவே அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேஜையில் இருப்பவர் வழக்கமான கேள்விகளோடு இன்னும் சிலவற்றைக் கேட்க ஆரம்பித்தார்: எந்த இடம், எந்த மதுக்கடை அல்லது எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எதைக்கொண்டு அடித்தார்கள். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு இந்தத் தகவல் போலீசுக்கும் கவுன்சிலுக்கும் போனது. அவர்கள் அதைத் தங்கள் வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்து ரோந்து நேரத்தை மாற்றினார்கள், கூட்டம் மோதும் தெருவில் வண்டிகள் வராமல் தடுத்தார்கள், இரவுப் போக்குவரத்தைச் சரிசெய்தார்கள், குறிப்பிட்ட மதுக்கடைகளின் உரிமத்தில் கைவைத்தார்கள், உடைந்தால் கத்தியாகிவிடும் கண்ணாடி டம்ளரை மாற்றச் சொன்னார்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களை வைத்துப் பார்க்கும்போது கார்டிஃபில் வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 42 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்குப் புது அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை, யாருடைய வேலையும் போகவில்லை, நான்கைந்து கேள்விகளும் ஒழுங்காக நடக்கும் ஒரு கூட்டமும் போதுமானதாக இருந்தன. ஆனால் இதன் பணக் கணக்கை உற்றுப் பாருங்கள், நம் விஷயத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் மட்டும் இந்த ஏற்பாட்டால் சமூகத்துக்குத் தவிர்ந்த செலவு சுமார் 69 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அதில் மருத்துவத் துறைக்கு 12.5 லட்சம், போலீஸ், நீதிமன்றம், சிறை எல்லாம் சேர்த்து 16.2 லட்சம். மீதிப் பெரும் பங்கு யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. அடி வாங்காமல் தப்பித்த மனிதர்கள் வேலைக்குப் போனதும், வலியும் பயமும் இல்லாமல் இருந்ததும் அது. உண்மையான மதிப்புதான், மறுக்க முடியாது. ஆனால் அதை எடுத்து யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது.

மருத்துவமனையின் அந்த 12.5 லட்சமும்கூட ரொக்கமாகக் கையில் வருவதில்லை. பத்துப் பேர் குறைவாக வந்தால் வார்டின் மின்சாரம் குறையாது, இரவுப் பணி நர்ஸ் பாதிச் சம்பளம் வாங்க மாட்டார், கட்டடத்துக்கான கடன் தவணையும் அப்படியே இருக்கும். ஒரு வார்டையே மூடினால்தான் பணம் வெளியே வரும், அதற்கு நோயாளிகள் ஓரிருவர் குறைந்தால் போதாது, நிறைய பேர், நிலையாகக் குறைய வேண்டும். நடைமுறையில் காலியான படுக்கையை வரிசையில் காத்திருக்கும் அடுத்தவர் பிடித்துக்கொள்கிறார். அவருக்கு அது பெரிய நன்மை, வலியோடு காத்திருந்த ஒருவருக்குச் சிகிச்சை கிடைத்துவிட்டது. கணக்கு ஏட்டில் மட்டும் எதுவும் குறையவில்லை. இதைத் தோல்வி என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, அதே சமயம் ‘இத்தனை கோடி மிச்சமாகும்’ என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவர்கள் மேலும் கோபம் வருகிறது.

அப்படி எழுதிக்கொடுத்ததற்குப் பெரிய உதாரணம் 2011 இறுதியில் வந்த முழுப்பகுதி சமூக பட்ஜெட் சோதனைகள். கிரேட்டர் மான்செஸ்டர், செஷயர் வெஸ்ட் அண்ட் செஸ்டர், எசெக்ஸ், மேற்கு லண்டனின் மூன்று கவுன்சில்கள் ஆகிய நான்கு இடங்களில் டோட்டல் பிளேஸின் யோசனையையே இன்னும் ஆழமாகச் செய்து பார்த்தார்கள். 2013 ஜனவரியில் உள்ளாட்சிகளின் சங்கத்துக்காக எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் போட்ட கணக்கு, இதை நாடு முழுக்கச் செய்தால் ஐந்தாண்டில் 940 கோடி முதல் 2,060 கோடி பவுண்டுவரை பலன் கிடைக்கலாம் என்றது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இருமடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அது கணிப்பு என்பது புரிந்துவிடும், ஆனால் செய்தித் தலைப்பில் ஏறுவது எப்போதும் பெரிய எண்தான். மான்செஸ்டர்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: ஒரு கைதுக்கு எவ்வளவு, ஓர் ஆம்புலன்ஸ் அழைப்புக்கு எவ்வளவு என்று அலகுச் செலவுகளைத் தொகுத்து, பலன் எந்தத் துறைக்குப் போகிறது, அதில் எவ்வளவு உண்மையில் ரொக்கமாகும் என்று பிரித்துக் காட்டும் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். 2014-ல் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் அதை ஏற்றுக்கொண்டது. இப்படி நேர்மையாகப் பிரித்துக் காட்டும் கணக்கு ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் பாதிச் சண்டை வராது.

நேர் எதிர்த் திசையில் போனது ‘பெட்டர் கேர் ஃபண்ட்’. 2013-ல் அறிவித்தார்கள், 2015-16-ல் நடைமுறைக்கு வந்தது. உடல்நலத்துக்கும் சமூகப் பராமரிப்புக்கும் பொதுவாகக் குறைந்தது 380 கோடி பவுண்டைப் போட்டாக வேண்டும், ஊர்கள் விரும்பிக் கூடுதலாகச் சேர்த்ததில் அது 530 கோடி ஆனது. முதல் ஆண்டிலேயே மருத்துவமனைகளில் அவசரமாகச் சேர்க்கப்படும் அனுமதிகள் 1,06,000 குறையும், 17.1 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று திட்டம் போட்டார்கள். தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-ல் சொன்னது என்ன தெரியுமா? அனுமதிகள் 87,000 கூடியிருந்தன, திட்டமிட்டதைவிட 31.1 கோடி பவுண்டு அதிகம் செலவாகியிருந்தது. டிஸ்சார்ஜ் தாமதமும் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஆனால் அதே ஆண்டில் முதியோர் இல்லங்களில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இலக்கைவிட நன்றாகக் குறைந்திருந்தது, மருத்துவமனையிலிருந்து திரும்பி மூன்று மாதம் கழித்தும் சொந்த வீட்டிலேயே இருந்தவர்களின் பங்கும் இலக்கைத் தாண்டியது. இவை இரண்டும் ஒரு முதியவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதை யாரும் கொண்டாடவில்லை, ஏனென்றால் திட்டத்தை விற்றது மிச்சத்தைச் சொல்லி.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த 380 கோடியில் பெரும்பகுதி புதுப் பணமே இல்லை, என்எச்எஸ் பட்ஜெட்டிலிருந்து நகர்த்தியது. மறுபக்கம் 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில் கவுன்சில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் நிதி விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 49.1 சதவீதம் குறைந்தது. மத்திய நிதி பாதியாகிப்போன கவுன்சில், கூட்டு நிதியில் கிடைத்த பணத்தை வைத்துப் புதிதாக எதையும் தொடங்கவில்லை, மூடவிருந்த சேவையைக் காப்பாற்றிக்கொண்டது. எவரும் அதைத்தான் செய்வார்கள். கையில் இருப்பது குறைந்துகொண்டே போகும் இரண்டு பேரைப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னால், ஒவ்வொருவரும் மற்றவர் எவ்வளவு எடுக்கிறார் என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

குடும்பங்கள் விஷயத்தில் நடந்ததும் இதே பாடம்தான், ஆனால் இது நல்லபடியாகத் திரும்பியது. 2011 ஆகஸ்ட் கலவரங்களுக்குப் பிறகு அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூனின் அரசு ‘டிரபிள்ட் ஃபேமிலிஸ்’ (சிக்கலில் இருக்கும் குடும்பங்கள்) திட்டத்தைக் கொண்டுவந்தது. பொறுப்பு அரசு அதிகாரி லூயிஸ் கேசியிடம். 1,20,000 குடும்பங்கள், 44.8 கோடி பவுண்டு. இந்தக் குடும்பங்களுக்காக ஆண்டுக்கு 900 கோடி பவுண்டு செலவாகிறது, அதில் 800 கோடி பிரச்சினை வெடித்த பிறகு ஓடிப்போய்ச் சமாளிப்பதற்கே போகிறது என்று அரசு சொன்னது. யோசனை நல்லது: ஒரு வீட்டுக்குள் பள்ளி ஆள், போலீஸ், வீட்டு வசதி அதிகாரி, போதை மீட்பு ஆலோசகர், குழந்தை நலப் பணியாளர் என்று தனித்தனியாக வந்து தனித்தனிப் படிவம் நிரப்புவதை நிறுத்தி, ஒரே பணியாளர் அந்தக் குடும்பத்தோடு இருக்கட்டும். காலையில் குழந்தைகளை எழுப்பிக் கிளப்புவதிலிருந்து வாடகைப் பாக்கிக்குத் தவணை பேசுவதுவரை அவர் பார்க்கட்டும், மற்றத் துறைகளை அவர் இழுத்து வரட்டும்.

கெடுத்தது பணம் கொடுத்த விதம். குடும்பம் திருந்தியதாகக் காட்டினால் கவுன்சிலுக்குக் குடும்பத்துக்கு 4,000 பவுண்டுவரை. நிதி வெட்டில் தவித்த கவுன்சில்கள் காட்டிவிட்டன. 2015-ல் 99 சதவீத வெற்றி என்று அரசு அறிவித்தது. 2016-ல் வெளியான சுயேச்சையான மதிப்பீடு, வேலை, குற்றம், பள்ளி வருகை எதிலும் குறிப்பிடத்தக்க தாக்கம் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்றது. பெரிய அவமானம். ஆனால் 2015-லேயே தொடங்கிவிட்ட இரண்டாம் கட்டத்தில் 92 கோடி பவுண்டில் 4 லட்சம் குடும்பங்கள்வரை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் சேராத, இதே மாதிரிக் குடும்பங்களின் ஒப்பீட்டுக் குழுவோடு ஒழுங்காக அளந்தார்கள். 2019-ல் வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது: அரசுப் பராமரிப்புக்குள் போகும் குழந்தைகளின் பங்கு ஒப்பீட்டுக் குழுவைவிட 32 சதவீதம் குறைவு, சிறார் சிறைத்தண்டனை 38 சதவீதம் குறைவு, செலவழித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 2.28 பவுண்டு மதிப்பிலான பலன், அதில் 1.51 அரசுக் கணக்கிலேயே. யோசனை அதேதான், கொஞ்சம் பொறுமையும் நேர்மையான அளவீடும் சேர்ந்தன. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னால் மிகையாகாது.

பொறுமை என்றால் எத்தனை வருடம்? ‘ஷூர் ஸ்டார்ட்’ மையங்களைப் பார்த்தால் தெரியும். 1999-ல் தொடங்கியது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பெற்றோரும் வரும் இடம். தாய்சேய் நர்ஸ், பேச்சுப் பயிற்சி, குழந்தைக் காப்பகம், வேலை தேட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ். முதல் சில ஆண்டுகளில் இதை விமர்சித்தவர்களே அதிகம், பலன் தெரியவில்லை என்றார்கள். 2010-க்குப் பிறகு நிதி மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டது, நிறைய மையங்கள் மூடப்பட்டன. பிறகுதான் நிதி ஆய்வுக் கழகம் அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகான பதிவுகளை எடுத்துப் பார்த்தது: 11 முதல் 15 வயதில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது ஆண்டுக்கு 13,000-க்கு மேல் தவிர்க்கப்பட்டிருந்தது. பத்தாம் வகுப்பு மட்டத் தேர்வுகளிலும் ஆரம்பகால மையங்களின் அருகே வளர்ந்தவர்கள் மேலே இருந்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1999-2003-ல் தொடங்கிய, நிதியும் உள்ளூர்ப் பெற்றோரின் பங்கும் வலுவாக இருந்த மையங்களில்தான் இந்தப் படிப்புப் பலன் தெரிந்தது. பின்னால் அவசரமாக நாடு முழுக்கப் பரப்பிய, மெலிந்த மையங்களில் தெரியவில்லை. பெயர்ப்பலகையை நகல் எடுக்கலாம், உள்ளே நடந்ததை நகல் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

சட்டம் தடுக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. 2006-ஆம் ஆண்டு என்எச்எஸ் சட்டத்தின் 75-ஆவது பிரிவு கவுன்சிலும் மருத்துவ நிர்வாகமும் பணத்தை ஒன்றாகப் போட அனுமதிக்கிறது, 1999-லிருந்தே அதற்கு வழி இருந்தது. தடுப்பது சின்னச் சின்ன விஷயங்கள். கவுன்சில் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெறலாம், என்எச்எஸ் பெரும்பாலான பொருள்களுக்குப் பெற முடியாது, அதனால் யார் பெயரில் வாங்குவது என்பதே ஒரு விவாதம். சம்பள விகிதம் வேறு, ஓய்வூதியத் திட்டம் வேறு, கம்ப்யூட்டரில் ஒரே நோயாளிக்கு வேறு வேறு எண். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 காவல் படைகள், இங்கிலாந்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கவுன்சில்கள், ஒவ்வொரு வட்டாரத்தின் என்எச்எஸ் பணத்தையும் திட்டமிட 2022-ல் உருவான ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் 42, எல்லைகள் பல இடங்களில் பொருந்துவதில்லை. நான்கு கவுன்சில் தலைவர்களோடு பேச வேண்டிய ஒரு போலீஸ் அதிகாரி நான்கு கூட்டங்களுக்குப் போகிறார், அங்கே போன நேரத்தில் வேறு வேலை நிற்கிறது.

தகவல் பகிர்வு மட்டும் சின்ன விஷயமில்லை. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுக் குழந்தை 2000-ல் லண்டனில் கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தாள். நான்கு கவுன்சில்களின் சமூக சேவைப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள், இத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. காப்பாற்ற 12 வாய்ப்புகளாவது இருந்தன என்று லாமிங் பிரபுவின் விசாரணை 2003-ல் சொன்னது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது, சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அதன் பிறகுதான் பல ஊர்களில் போலீசும் நர்சும் சமூகப் பணியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் சேர்ந்து படிக்கும் முறை பரவியது. சேர்ந்து வேலை செய்வதைப் பணம் மிச்சம் பண்ணும் உத்தியாக மட்டும் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

அமைப்பையே மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகுமா? ஸ்காட்லாந்து 2014-ல் பொது அமைப்புகளின் கூட்டுப்பணிச் சட்டத்தையே இயற்றி உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து 31 கூட்டு ஆணையங்களை உருவாக்கியது. கிரேட்டர் மான்செஸ்டரின் 10 கவுன்சில்களும் அங்குள்ள என்எச்எஸ் அமைப்புகளும் 2016 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 600 கோடி பவுண்டு மருத்துவ, பராமரிப்பு நிதியைத் தாங்களே திட்டமிடத் தொடங்கின. மான்செஸ்டர் பற்றி 2022-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த்தில் வந்த ஆய்வு, இது இல்லாதிருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட மக்களின் ஆயுட்காலம் 0.196 ஆண்டு கூடியிருந்ததாகச் சொல்கிறது, அதாவது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கேட்கச் சின்னதாக இருக்கலாம், ஆனால் சுமார் 28 லட்சம் பேர் வாழும் பகுதி அது. மறுபக்கம் மேற்கு லண்டனின் அந்த மூன்று கவுன்சில்கள் 2011-ல் சேவைகளை ஒன்றாக்கிக்கொண்டு, 2018-ல் பிரிந்தன. சேரும்போது ஆன செலவைப் போலப் பிரியும்போதும் ஆகும்.

என்னைக் கேட்டால், ஒரு புதுக் கூட்டு முயற்சி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அமைப்பு வரைபடத்தை அல்ல. மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும், அதில் எவ்வளவு செலவழித்தவருக்குத் திரும்பி வரும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களா என்பதை. எந்த வார்டை, எந்தக் கட்டடத்தை, எப்போது மூடப்போகிறார்கள் அல்லது மூடவே போவதில்லையா என்று சொல்கிறார்களா என்பதை. மூடப்போவதில்லை என்றால் ரொக்க மிச்சம் வராது, மக்களுக்கு நன்மை மட்டும் வரும், அதுவும் போதும், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அப்புறம், ஐந்தாண்டுக்காவது நிதி உறுதியா என்பதை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்த ஒருங்கிணைப்பாளர், ஊர் அவரை நம்ப ஆரம்பிக்கும்போது வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

2025-ல் அந்த 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களையும் நிர்வாகச் செலவைச் சுமார் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பல வாரியங்கள் பக்கத்து வாரியத்தோடு சேர்ந்து இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கின்றன. அதே ஆண்டில் என்எச்எஸ்ஸுக்காக வந்த அரசின் பத்தாண்டுத் திட்டம், சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம் என்கிறது. அதைச் செய்ய வேண்டிய குழுக்களை யார் கூட்டுவார்கள், எந்தப் பட்ஜெட்டிலிருந்து, கைப்பிடிக் கம்பிக்கு யார் பணம் கொடுப்பது என்பதை இனிமேல் ஒவ்வொரு ஊரும் தனக்குத்தானே பேசி முடிக்க வேண்டியிருக்கிறது, 23,250 பவுண்டு வரம்பு அப்படியே இருக்கும் நிலையில்.